பாய்லர் ஆறிக் கிடந்த மாதங்கள்

தம்பி, நீ உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாய். விடிய விடிய ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் படுத்தவன், இனி மூன்று மணிக்குத்தான் கண் திறப்பாய். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றும். வாயால் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை நீ டிவி சத்தத்தைக் கூட்டினாய். இன்னொரு தடவை, "ம்மா, பெத்த புள்ளகிட்ட பேசற பேச்சா இது?" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்கும் கூச்சம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்த நாட்களிலும் பதில் தெரிந்தே வாய் திறக்காமல் நின்று திட்டு வாங்கியவள். எழுதும்போது மட்டும் அந்தக் கூச்சம் கொஞ்சம் விலகி நிற்கிறது. இதை நீ படித்துவிட்டு உன் அத்தையிடமும் கொடு. அவளும் படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

கூடத்தில் மூன்று சாக்கு மூட்டைகள் இருக்கின்றன, பார்த்திருப்பாய். ரேவதி உன்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள். நாளைக் காலை குட்டி யானை வண்டி வரும், வில்லியனூரில் அவள் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தால் எல்லாம் முடிந்தது என்று உன் அத்தை சொன்னாள். நேற்று முழுக்க நான்தான் மூட்டை கட்டினேன். குடம், அண்டா, தாம்பாளம், சொம்பு, கரண்டிகள். எல்லாவற்றிலும் ரேவதி என்று பெயர் வெட்டியிருக்கிறது. நம் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது எதை மறந்தாலும் பாத்திரத்தில் பெயர் வெட்ட மறக்க மாட்டார்கள். மூட்டை கட்டும்போதுதான் அது எதற்கு என்று எனக்கு விளங்கியது. திருப்பி அனுப்பும்போது எது யாருடையது என்று குழப்பம் வரக்கூடாது அல்லவா.

நீ தண்ணீர் குடிக்கும் தம்ளர் ஒன்று இருக்கிறது. விளிம்பு கொஞ்சம் நெளிந்தது. அடியில் சாந்தா என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த வயதில் அதைத் திருப்பிப் பார்த்து, "யாரும்மா சாந்தா?" என்று கேட்டாய். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னேன். நீ நம்பினாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாந்தா உன் அப்பாவின் முதல் மனைவி.

உன் அப்பா மில்லில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போதும் அவர் உடம்பில் அந்தச் சூடு இருக்கும். கையைத் தொட்டால் காய்ச்சல்காரன் கை மாதிரி இருக்கும். பீடி வாயில் அணைந்து நான் பார்த்ததில்லை. சாந்தாவுக்கு மூன்று பிள்ளை தரித்தது, மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது கலைந்ததும் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று. அழைத்துவர யாரும் போகவில்லை. பாத்திரங்கள் போயின. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெண் வாய் திறக்காது, சொன்னதைக் கேட்கும் என்று என்னைப் பார்த்துப் பேசினார்கள். முதல் மனைவி இருந்தாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் எங்கே, என்ன ஆனாள் என்று எனக்குள் கேள்வி இருந்தது. நான் கேட்கவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கும்போது அந்தத் தம்ளர் உருண்டு வந்தது. மூட்டையில் சேராமல் தப்பியது. என் மாமியார் அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போடச் சொன்னார். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அவரும் அதைத் தொட்டதில்லை, மற்றவர்களும் தொட்டதில்லை. நீ வளர்ந்து கையில் எடுக்கும்வரை அலமாரியில் அது இருந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை, தம்பி. சமையலறையில் எனக்கு முதுகுப்பக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்று தோன்றும். உப்பு எங்கே, புளி எங்கே என்று தேடும்போது, இதெல்லாம் அவள் வைத்த இடம் என்று தோன்றும். விடியலில் மில் சங்கு ஊதும்போது நான் எழுந்திருப்பேன், அவளும் எங்கேயோ அதே சத்தத்துக்குப் பழக்கத்தில் எழுந்திருப்பாள் என்று நினைப்பேன். மில்லை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றைக்கும் அந்த நேரத்துக்கு எனக்குச் சங்கு கேட்கிறது.

எனக்கும் முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. இரண்டாவது கலைந்து உடம்பு தேறியபோது பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். வெங்காயக் கடை ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொரு பையன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்டோவில்கூட அவளைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

"முதலியார்பேட்டதான நீ?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"பயந்துக்காத. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். அவரு கண்ணெரிச்சல் தேவலையா? ராவுல வெள்ளரிக்கா வெட்டி வெச்சா தூங்குவாரு."

எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுகொழுவென்று, மூக்கு ஒழுகிக்கொண்டு, அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் என்னுதுதான்" என்றாள், நான் கேட்டது மாதிரி. பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். "உனக்கும் தங்கலயா?"

அழுகை வந்தது. அவள் என் கூடையில் ஒரு பிடி வெங்காயத்தைப் போட்டுவிட்டு, "போ. வெயில்ல நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து என் மாமியாரிடம் சொன்னேன். உன் அத்தையும் அப்போது இருந்தாள், கல்யாணமாகாத பெண். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாத்தியா, அவ எதையோ மந்திரிச்சு வெச்சிட்டுப் போயிருக்கா. நம்ம வூட்டுக்கு வர வேண்டிய புள்ளைங்கள அங்க இழுத்துக்கிட்டா." அந்த வெங்காயத்தை எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துத் தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு பெண்களுக்குத் தங்காமல் போகிறது, ஒருத்தி இந்த வீட்டை விட்டுப் போனதும் அவளுக்குத் தங்குகிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் மூன்றாவது ஆளை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. உன் அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்து வெளியே போனார், பீடி பற்றவைத்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் மில் நின்றது. மாதக்கணக்கில் கதவு திறக்கவில்லை. பாய்லர் ஆறிக் கிடந்தது. உன் அப்பா வீட்டில் இருந்தார். பீடியை விட்டார், வாங்க வழியில்லாததால்தான். காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவார், மத்தியானம் தூங்குவார், உடம்பு தேறியது. அவர் கை குளிர்ந்திருந்ததை முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன். அந்த நாட்களில்தான் நீ தரித்தாய். நீ தங்கினாய். என் மாமியார் வேண்டிக்கொண்டது பலித்தது என்றார். உன் அத்தை, கழிப்பு கழித்தது பலித்தது என்றாள். பிறகு மில் திறந்தது, சங்கு ஊதியது, அவர் கை பழையபடி சுட்டது. உனக்குப் பின் ஒன்று வந்தது. தங்கவில்லை. இதையும் உனக்கு யாரும் சொன்னதில்லை.

இதெல்லாம் எனக்குள் தனித்தனியாகக் கிடந்தது. போன மாதம் ரேவதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் ஒன்றாகச் சேர்ந்தது. மூன்றாவது கலைந்ததும் நாம் அனுப்பிவைத்தோமே, அந்த அம்மா வீட்டிலிருந்து அவள் போன் பண்ணி, "அத்தை, டாக்டர் வீட்டாளுங்க யாராவது வரணும்னு சொல்றாங்க. அவரு வர மாட்டேன்ட்டாரு. நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள். உன்னிடம் சொல்லாமல் போனேன். உன் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போனேன். அது வந்த அன்று நீ அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்ததும், "என் அண்ணன் புள்ளைக்குக் கவுண்டு நார்மல்" என்று உன் அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்ததும் ஞாபகம் இருக்கிறதா? கவுண்டு என்றால் என்ன என்று கேட்ட எதிர்வீட்டு அம்மாவிடம், "அது எதுவோ, நெறைய இருக்காம்" என்றாள். அன்று நானும் சிரித்தேன். ரேவதி சமையலறையில் இருந்தாள். அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

டாக்டர் அம்மா அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நல்ல ரிப்போர்ட்தான் என்றார். "விந்தணு எவ்வளவு இருக்கு, எப்படி நீந்துது, உருவம் எப்படி இருக்குன்னு இது சொல்லும். ஒவ்வொண்ணுக்கும் உள்ள டி.என்.ஏ. இருக்கு. புள்ளைக்கு அப்பாகிட்டேர்ந்து வர்ற பங்கு அதுதான். அந்த இழை அறுந்திருக்கா, முழுசா இருக்கான்னு இதுல தெரியாது. அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு."

எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். "மில்லுல நூல்கண்டு வெளிய பாத்தா முழுசா இருக்கும்மா. தறியில ஏத்தினா உள்ள அறுந்து அறுந்து வரும். துணி கொஞ்சம் ஓடும், நின்னுடும். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரின்னே வெச்சுக்கங்க" என்றார். "கொஞ்சம் அறுந்திருந்தா பெண்ணோட கருமுட்டையே அதைச் சரிபண்ணிக்கும். ரொம்ப இருந்தா முடியாது. கரு உண்டாகும், வளராம நின்னுடும். திரும்பத் திரும்பக் கலையறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. இவங்களுக்கு அதெல்லாம் பாத்தாச்சு, எதுலயும் குறை இல்ல. இனிமே அவரைப் பாக்கணும். என்ன வேலை பாக்கறாரு?"

ரேவதி சொன்னாள். "பேக்கரி. விறகு அடுப்பு. ராத்திரி பூரா அது முன்னாலதான் நிப்பாரு."

"சிகரெட்?"

ரேவதி என்னைப் பார்த்தாள். மாமியார் முன்னால் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன்.

டாக்டர் விளக்கினார். விதைப்பை உடம்புக்கு வெளியே இருப்பதே அங்கே சூடு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானாம். நெருப்புச் சூட்டில் நின்றால், புகை பிடித்தால், அங்கே நரம்பு புடைத்திருந்தால், அந்த இழை அறுந்துபோக வாய்ப்பு கூடுமாம். "ஆனா இதுல ஒரு நல்லது இருக்கும்மா. விந்தணு புதுசு புதுசா உண்டாகிட்டே இருக்கும். ஒண்ணு உண்டாகி முழுசா வர மூணு மாசம்போல ஆகும். இன்னைக்குச் சூட்டைக் குறைச்சு, சிகரெட்டை விட்டா, மூணு மாசம் கழிச்சு வர்றது வேற. நரம்பு புடைச்சிருந்தா அதுக்கும் வைத்தியம் இருக்கு. எல்லாருக்கும் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். நெறைய பேருக்கு ஆகுது. அப்படியும் ஆகலன்னா வேற வழி இருக்கு. அவர் வரணும், அவ்வளவுதான். இதுக்கும் ஆம்பளத்தனத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லுங்க."

மூன்று மாதம் என்று அவர் சொன்னபோது எனக்கு மில் நின்றிருந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. உன் அப்பாவின் குளிர்ந்த கை என் கையில் இருந்தது போல் இருந்தது. உளறிக்கொட்டி அந்தப் பழைய கதையை அவரிடம் சொன்னேன். பாய்லர், பீடி, மில் நின்றது, நீ பிறந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். "அதனாலதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்" என்றார். அந்த இருக்கலாம் போதும், தம்பி. மார்க்கெட்டில் என் கூடையில் வெங்காயம் போட்டவள் இத்தனை வருடமாக எனக்குப் பின்னால் நிற்கிறாள், நான் சாபம் என்று நினைத்துப் பயந்தேன். அவள் எதையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவளுடைய மூன்று, என்னுடைய மூன்று, ரேவதியின் மூன்று. அவற்றில் எது எதனால் போனது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒன்பதுக்கும் பழி பெண் பேரில்தான் எழுதப்பட்டது. கண் மூடினால் எங்கள் மூவரின் வயிறும் ஒரே வயிறாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகும் நான் மூட்டை கட்டினேன் என்பதுதான் எனக்கே புரியவில்லை. உன் அத்தை சாக்கைக் கொண்டுவந்து போட்டாள், நான் கட்டினேன். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பாகூர்ப் பக்கம், உனக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க அவள் பார்த்திருந்த பெண்ணைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனாள். நீ வேலை இருக்கிறது என்று வரவில்லை. "பத்தாவதோட நின்னுட்டா அண்ணி. வாயில விரல வெச்சாலும் கடிக்கத் தெரியாது" என்று வழியெல்லாம் உன் அத்தை சொல்லிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவும் பயந்தது மாதிரி தன் கைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். தண்ணீர் ஊற்ற வந்தது. ஊற்றிக்கொண்டே, காதில் விழுந்தும் விழாத குரலில் கேட்டது:

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"யாரு?"

"முன்ன இருந்தவங்க."

நான் கேட்காமல் விட்ட கேள்வி. இத்தனை வருடம் கழித்து இன்னொரு பத்தொன்பது வயது வாயிலிருந்து வந்து என் கையில் தண்ணீரோடு விழுந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தப் பெண்ணின் முகம் அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. முன்பு சமையலறையில் ஒருத்தி நின்றாள். இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டாவது ஆள் நானா, அந்தப் பெண்ணா என்று எனக்கே தெரியவில்லை. ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் அவளும் ஒரு பிள்ளையை இழந்துவிட்டு இதே அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்குவாள். ஒரு கரண்டியோ கிண்ணமோ உருண்டு வரும். அதில் ரேவதி என்று இருக்கும்.

இன்று காலை நீ படுத்த பிறகு பாகூருக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்தான் எடுத்தது.

"நீ கேட்டியேம்மா, அவங்க எங்க இருக்காங்கன்னு. வில்லியனூர்ல அவங்க அம்மா வீட்ல இருக்கா. அவமேல ஒரு குறையும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் அனுப்பிட்டீங்க?"

"உங்கம்மாகிட்ட போனக் குடு" என்றேன். அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னுடைய டெஸ்ட் பாக்கி இருக்கிறது என்பதையும், உன் அப்பாவுக்கு முன்பு ஒருத்தி இருந்தாள், அவளையும் இப்படித்தான் அனுப்பினோம் என்பதையும். அந்த அம்மா திட்டவில்லை. "சொன்னீங்களே, அதுவே போதும்" என்று வைத்துவிட்டார். ஆகையால் அந்தச் சம்பந்தம் முடிந்துபோனது, தம்பி. எழுந்ததும் உனக்குக் கோபம் வரும். உன் அத்தை வந்து கத்துவாள். கத்தட்டும்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நீ கெட்டவன் இல்லை. மூன்றாவது கலைந்த அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நீ அழுததை நான் பார்த்தேன். ரேவதியும் பார்த்தாள் என்று அவளே சொன்னாள். அந்த டெஸ்டில் குறை என்று வந்தால் நீ சின்னவனாகிவிட மாட்டாய். குறை இல்லை என்று வந்தாலும் அவளை அனுப்பியது சரியாகிவிடாது. அடுப்புக்கு இன்னொரு ஆளைப் போட்டுவிட்டு நீ கடையில் முன்பக்கம் நிற்கலாம். உன் அப்பாவுக்கு மில் நின்றதால் கிடைத்த ஓய்வை நீயாகவே எடுத்துக்கொள்ள முடியும். அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. உனக்கு நான் சொல்லிவிட்டேன். இனி தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

மூட்டைகளை அவிழ்த்துவிட்டேன். பாத்திரங்கள் பழையபடி அலமாரியில் இருக்கின்றன. நாளைக்கு வண்டி வந்தால் வெறும் வண்டியாகத் திரும்பட்டும். நான் இப்போதே வில்லியனூர் பஸ் பிடிக்கப் போகிறேன். ரேவதியை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நடந்ததைச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வருவதும் வராததும் அவள் முடிவு. திரும்பும்போது பெரிய மார்க்கெட்டில் இறங்குவேன். சாந்தாவின் மூத்த பையன்தான் அங்கே இப்போது வெங்காயக் கடை பார்க்கிறான். அந்தத் தம்ளரைத் துலக்கிப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அவனிடம் வீடு கேட்டுப் போய், நம் வீட்டில் இது தங்கிவிட்டது என்று அவள் கையில் கொடுக்க வேண்டும். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எதிரில் அன்றும் எனக்கு நாக்கு எழவில்லை.

சமையலறையில் உன் தம்ளரைத் தேடாதே. ரேவதியின் சொம்பில் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். அதைக் குடித்துவிட்டுக் கிளம்பு. டாக்டர் அம்மா ஐந்து மணி வரை இருப்பார்.

அம்மா